ஒன்று போல் இருப்பது ஒன்றாகிவிடாது

'வீரம் விளைந்தது' நாவலைப் படிக்காத பழைய தோழர் நம்மிடையே குறைவு. சங்க அலுவலகத் திண்ணையில் ஒருவர் படிக்க, பத்துப்பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட புத்தகம் அது. கதை தொடங்கும் ரயில்வே சிற்றூரின் பெயர் ஷெப்பெத்தோவ்கா. அந்த ஊர் ருஷ்யாவில் இருக்கிறது என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். உண்மையில் அது உக்ரேனில் இருக்கிறது. நிகோலாய் ஒஸ்திரோவ்ஸ்கி நாவலை எழுதியது ருஷ்ய மொழியில். ஆனால் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஏர் பிடித்தவர்களின் மொழி உக்ரேனிய மொழி. அவர்கள் வாயில் அந்த ஊரின் பெயர் ஷெப்பெத்திவ்கா.

ஒரே ஊர். ஒரு மொழியில் 'தோ', மற்றொரு மொழியில் 'தி'. ஓர் எழுத்து வித்தியாசத்துக்கு ஒரு தலையங்கமா என்று தோழர்கள் கேட்கலாம். அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒரு மொழியின் விதி இருக்கிறது. அந்த விதியை மதிக்க மறுத்தவர்கள் சட்டம் போட்டார்கள், புத்தகத்தைத் தடுத்தார்கள், கவிஞனை நாடு கடத்தினார்கள். ஆகவே இது எழுத்துக் கணக்கு மட்டுமல்ல.

இன்று இந்த இரு மொழிகளைக் கற்க விரும்புவோர் நம்மிடையே உண்டு. மருத்துவம் படிக்க அந்நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் உண்டு. 2022ல் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் உக்ரேனிலிருந்து திரும்பி வந்ததை நாம் கண்டோம். அந்நாட்டு இலக்கியத்தை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆசை கொண்ட தோழர்களும் இருக்கிறார்கள். இவர்களிடம் இரண்டு விதமான பேச்சு வந்து சேர்கிறது. "உக்ரேனிய மொழி என்பது ருஷ்ய மொழியின் கொச்சை, ருஷ்யன் கற்றால் போதும்" என்பது ஒன்று. "இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. எப்படித் தவறு என்பதைச் சொற்களையும் எழுத்துக்களையும் வைத்தே பார்ப்போம்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

ஸ்லாவிய மொழிகள் ஒரு பெரிய குடும்பம். போலிஷ், செக், ஸ்லோவாக் ஆகியவை அதன் மேற்குக் கிளை. பல்கேரிய, செர்பிய மொழிகள் தெற்குக் கிளையைச் சேர்ந்தவை. ருஷ்யன், உக்ரேனியன், பெலோருஷ்யன் ஆகிய மூன்றும் கிழக்குக் கிளை. அதாவது ருஷ்ய மொழியும் உக்ரேனிய மொழியும் உடன்பிறந்தவை. ஒன்று தாய், மற்றொன்று மகள் என்பதல்ல. ஒன்று சுத்தம், மற்றொன்று கலப்படம் என்பதுமல்ல.

உறவு எவ்வளவு நெருக்கம் என்பதற்குத் தொழிலாளிக்குப் பழக்கமான சொற்களே சாட்சி. அரிவாளுக்கு இரு மொழியிலும் 'ஸெர்ப்'. சுத்தியலுக்கு இரண்டிலும் 'மோலொத்' என்றே எழுதுகிறார்கள். நெசவாளி இரண்டிலும் 'த்காச்'. கலப்பை இரண்டிலும் 'ப்ளுஹ்', 'ப்ளுக்' என்று ஒரே சொல்தான். நிலம் 'ஸெம்ல்யா', தண்ணீர் 'வொதா', கை 'ருகா', சகோதரன் 'ப்ராத்'. உண்மைக்கு இரு மொழியிலும் 'ப்ராவ்தா'. தோழர் என்பதை ருஷ்யர் 'தவாரிஷ்' என்பார். உக்ரேனியர் 'தொவாரிஷ்' என்பார்.

இப்படிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் உக்ரேனிய மொழியியலாளர் கொஸ்தியாந்தின் திஷ்சென்கோ போட்ட சொற்கணக்கு வேறு கதை சொல்கிறது. உக்ரேனிய மொழியின் சொற்களில் சுமார் 84 சதவீதம் பெலோருஷ்ய மொழியுடன் ஒத்துப்போகிறது. போலிஷ் மொழியுடன் சுமார் 70 சதவீதம் ஒத்துப்போகிறது. ருஷ்ய மொழியுடன் ஒத்துப்போவது சுமார் 62 சதவீதமே. நூற்றுக்கு முப்பத்தெட்டுச் சொல் வேறாக இருக்கும்போது அதைக் கொச்சை என்று சொல்ல முடியுமா?

எழுத்தில் என்ன வேறுபாடு?

இரு மொழிகளும் கிரில் எழுத்தைப் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் எழுத்துக்கள் 33. எண்ணிக்கை ஒன்று, ஆனால் எழுத்துக்கள் எல்லாம் ஒன்றல்ல. ருஷ்ய நெடுங்கணக்கில் உள்ள நான்கு எழுத்துக்கள் உக்ரேனியத்தில் இல்லை. உக்ரேனியத்தில் உள்ள நான்கு எழுத்துக்கள் ருஷ்யத்தில் இல்லை.

ஒரு தாளைக் கையில் எடுத்தால் அது எந்த மொழி என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒற்றை நெடுங்கோடு நின்று அதன் தலையில் ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ இருந்தால் அது உக்ரேனியம். ஒரு புள்ளி இருந்தால் 'இ'. இரண்டு புள்ளி இருந்தால் 'யி'. தலைநகரின் பெயரை உக்ரேனியர் 'கிய்யிவ்' என்று எழுதும்போது அந்த இரண்டு புள்ளி எழுத்து நடுவில் நிற்கும். ருஷ்யர் அதே ஊரை 'கீயெவ்' என்று எழுதுவார்.

கற்பவரை இடறிவிடுவது புதிய எழுத்து அல்ல. இரண்டிலும் ஒரே உருவில் நின்று வேறு ஒலி தரும் எழுத்துத்தான். ருஷ்யத்தில் 'ஈ' என்று ஒலிக்கும் எழுத்து, உக்ரேனியத்தில் இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே நின்று ஒலிக்கும். ருஷ்யத்தில் 'யெ' என்று ஒலிப்பது உக்ரேனியத்தில் வெறும் 'எ'. நம் 'தங்கம்' என்ற சொல்லில் வரும் ககர ஒலியை ருஷ்யர் ஓர் எழுத்தால் எழுதுகிறார். அதே எழுத்தை உக்ரேனியர் 'ஹ' என்று படிக்கிறார். எழுத்தில் ஒன்றாக நிற்கும் 'தலை' என்ற சொல் ருஷ்யன் வாயில் 'கலவா' என்றும், உக்ரேனியன் வாயில் 'ஹொலொவா' என்றும் ஆவது இதனால்தான்.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. ருஷ்ய மொழியில் அழுத்தம் விழாத ஒகரம் அகரமாக மாறி ஒலிக்கும். 'மொலொகோ' என்று பாலை எழுதிவிட்டு 'மலகோ' என்று படிப்பார்கள். உக்ரேனியர் எழுதியபடியே 'மொலொகோ' என்பார். எழுதியபடி படிப்பது என்ற அளவில் உக்ரேனியம் கற்பவருக்கு எளிது.

'தோ' ஏன் 'தி' ஆயிற்று?

இப்போது நம் ஷெப்பெத்தோவ்காவுக்கு வருவோம். பழைய காலத்தில் ஒகரமாக இருந்த ஒலி, மெய்யெழுத்தில் முடியும் அசையில் அகப்பட்டால், உக்ரேனியத்தில் இகரமாகிவிடும். ருஷ்யத்தில் ஒகரமாகவே நிற்கும். இரவு ருஷ்யத்தில் 'நோச்', உக்ரேனியத்தில் 'நிச்'. மேஜை 'ஸ்தோல்', 'ஸ்தில்'. உப்பு 'ஸோல்', 'ஸில்'. வீடு 'தோம்', 'திம்'.

ஊர்ப் பெயர்களும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவையே. ருஷ்யர் 'ல்வோவ்' என்பதை உக்ரேனியர் 'ல்விவ்' என்கிறார். இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களின் நகரமான 'கிரிவோய் ரோக்' உக்ரேனியத்தில் 'கிரிவி ரிஹ்' ஆகிறது. ஒகரம் இகரமாயிற்று, ககரம் ஹகரமாயிற்று. நாம் மேலே சொன்ன இரண்டு விதிகளும் அந்த ஒரு பெயரில் இருக்கின்றன.

இதை ஏன் விரித்துச் சொல்கிறோம்? கொச்சைக்கு விதி கிடையாது. வாய் தவறினால் தவறியதுதான். இங்கே நூற்றுக்கணக்கான சொற்களில் ஒரே மாற்றம் ஒழுங்காக நடந்திருக்கிறது. இது பல நூற்றாண்டுகளாக ஒரு ஜனம் பேசிப் பேசி உண்டாக்கிய ஒழுங்கு.

ஆட்பெயர்களிலும் இதைக் காணலாம். லெனினை நாம் விளாதிமிர் இலியிச் என்று அறிவோம். உக்ரேனியர் அதே பெயரை 'வொலொதிமிர்' என்பார். 2022ல் போர் விரிந்தபோது இரு நாட்டுத் தலைவர்களின் பெயரும் இந்த ஒரே பெயர்தான்: ஒருவர் விளாதிமிர், மற்றவர் வொலொதிமிர். பகைவனை ருஷ்யர் 'வ்ராக்' என்பார், உக்ரேனியர் 'வோரொஹ்' என்பார். ருஷ்ய மொழி தேவாலயப் புத்தகங்களின் பழைய தெற்கு ஸ்லாவிய நடையிலிருந்து இப்படிப்பட்ட சொற்களை அதிகமாக எடுத்துக்கொண்டது. இந்த இடங்களில் உக்ரேனியம் கிழக்குக் கிளையின் நாட்டு வடிவத்தை வைத்துக்கொண்டது. ஆகவே உக்ரேனியம் ருஷ்யத்திலிருந்து கெட்டுப் பிறந்தது என்பவர்கள் இந்தச் சொற்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இலக்கணம்: தமிழருக்குச் சில சலுகைகள்

இலக்கணத்தின் எலும்புக்கூடு இரு மொழியிலும் ஒன்றே. தமிழில் 'அவர் தொழிலாளி' என்கிறோம். நடுவில் வேறு வினைச்சொல் வேண்டியதில்லை. இரு மொழிகளிலும் அப்படியே. பெயருக்கு முன்னால் ஒட்டுச்சொல் எதுவும் வராது. வேற்றுமையைச் சொல்லின் கடைசியில் காட்டுவார்கள். இறந்தகால வினை, செய்தவர் ஆணா பெண்ணா என்று காட்டும். நாம் 'எழுதினான்', 'எழுதினாள்' என்பதுபோல. ஆனால் அங்கே 'நான் எழுதினேன்' என்று சொல்லும்போதும் ஆண் ஒரு விதமாகவும் பெண் ஒரு விதமாகவும் சொல்ல வேண்டும். செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு வினை, செய்து முடித்த வேலைக்கு ஒரு வினை என்று இரட்டையாகக் கற்க வேண்டும். இதுதான் இரண்டிலும் கடினமான பகுதி. ஒரு மொழியில் இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற மொழியில் பாதிச் சுமை குறையும்.

வேறுபாடுகளில் இரண்டைச் சொல்லலாம். முதலாவது, விளி வேற்றுமை. 'தோழர்' என்பதை நாம் கூப்பிடும்போது 'தோழரே' என்கிறோம். உக்ரேனியரும் 'தொவாரிஷ்' என்பதைக் கூப்பிடும்போது 'தொவாரிஷு' என்று மாற்றுவார். சகோதரன் 'ப்ராத்', கூப்பிட்டால் 'ப்ராத்தே'. அம்மா 'மாமா', கூப்பிட்டால் 'மாமோ'. ருஷ்ய மொழியில் இந்த வேற்றுமை பழங்காலத்தில் இருந்து மறைந்துபோயிற்று. கடவுளைக் கூப்பிடும் சில சொற்களில் மட்டும் மிச்சமிருக்கிறது. ஆகவே ருஷ்ய இலக்கணத்தில் வேற்றுமை ஆறு, உக்ரேனியத்தில் ஏழு.

இரண்டாவது, எதிர்காலம். 'எழுதிக்கொண்டிருப்பேன்' என்ற பொருளில் ருஷ்யர் துணைவினை சேர்த்து இரண்டு சொல்லால் சொல்வார். உக்ரேனியரும் அப்படிச் சொல்லலாம். அல்லது 'பிஸாத்திமு' என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். நம் 'எழுதுவேன்' போல விகுதியே காலத்தைக் காட்டிவிடும்.

சொற்கள் பிரியும் இடம்

அன்றாடச் சொற்களில்தான் பிரிவு பளிச்சென்று தெரிகிறது. நன்றி சொல்ல ருஷ்யத்தில் 'ஸ்பசீபா', உக்ரேனியத்தில் 'த்யாக்குயு'. காகிதம் 'புமாகா', 'பபிர்'. கூரை 'க்ரீஷா', 'தாஹ்'. பருத்தி 'ஹ்லோபக்', 'பவொவ்னா'. தொழிற்சங்கம் 'ப்ரொஃப்சயூஸ்', 'ப்ரொஃப்ஸ்பில்கா'. உக்ரேன் மண்ணின் பெரும்பகுதி பல நூற்றாண்டு லிதுவேனிய, போலிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. அதனால் போலிஷ் சொற்களும், போலிஷ் வழியாக ஜெர்மன் சொற்களும் வந்து சேர்ந்தன. காகிதமும் கூரையும் அப்படி வந்த சொற்களே.

வேலைநிறுத்தத்துக்கு ருஷ்யத்தில் 'ஸபஸ்தோவ்கா'. 'போதும்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லான 'பாஸ்தா'விலிருந்து பிறந்தது இது. உக்ரேனியத்தில் அது 'ஸ்த்ரைக்'. நம் ஆலைத் தோழர்கள் 'ஸ்டிரைக்' என்று சொல்லும் அதே இங்கிலீஷ் சொல்தான். விவசாயியை ருஷ்யர் 'கிரெஸ்த்யானின்' என்பார். அது 'கிறிஸ்தவன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. உக்ரேனியர் 'ஸெல்யானின்' என்பார். 'ஸெலோ' என்றால் கிராமம். ஒரே உழவன்தான், ஒரு மொழி அவனுடைய மதத்தைக் கொண்டு பெயரிட்டது, மற்றொன்று அவன் இருப்பிடத்தைக் கொண்டு பெயரிட்டது.

மாதப் பெயர்களைப் பாருங்கள். ருஷ்யர் லத்தீன் பெயர்களை எடுத்துக்கொண்டார். அக்டோபர் அங்கே 'அக்தியாப்ர்'. உக்ரேனியருக்கு அது 'ஜோவ்தென்', அதாவது மஞ்சள் மாதம். இலை மஞ்சளாகும் காலம். நவம்பர் 'லிஸ்தொபாத்', இலையுதிர் மாதம். மே 'த்ராவென்', புல் முளைக்கும் மாதம். ஆகஸ்ட் 'ஸெர்ப்பென்', அறுவடைக்கு அரிவாள் எடுக்கும் மாதம். நாம் அக்டோபர் புரட்சி என்று சொல்வதை உக்ரேனியர் 'ஜோவ்தென்' மாதத்தின் பெயரால் சொல்கிறார். வயலில் வேலை செய்தவர்களின் கண் அந்தப் பெயர்களில் இருக்கிறது.

ஏமாற்றும் சொற்கள்

முற்றிலும் வேறாக இருக்கும் சொல்லால் ஆபத்து இல்லை. தெரியாது என்று தெரிந்துவிடும். ஒன்று போல ஒலித்து வேறு பொருள் தரும் சொல்லில்தான் ஆபத்து. மலையாள நாட்டுத் தோழர்களுடன் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே 'வெள்ளம்' என்றால் குடிக்கும் தண்ணீர். 'சம்சாரம்' என்றால் பேச்சு. 'அவசரம்' என்றால் வாய்ப்பு. தமிழ்ப் பொருளை வைத்துக்கொண்டு கேட்டால் சிரிப்பும் வரும், சில சமயம் சண்டையும் வரும்.

ருஷ்யத்தில் 'சாஸ்' என்றால் ஒரு மணி. உக்ரேனியத்தில் அதே சொல்லுக்கு நேரம், காலம் என்று பொருள். மணிக்கு அங்கே 'ஹொதினா'. எட்டு மணி நேர வேலை பற்றிப் பேசும் இடத்தில் இதைக் குழப்பினால் என்ன ஆகும்? ருஷ்யத்தில் 'பிதாத்' என்றால் சித்திரவதை செய்வது. உக்ரேனியத்தில் 'பிதாத்தி' என்றால் கேள்வி கேட்பது. ருஷ்யத்தில் 'உரோத்' என்றால் அவலட்சணம். அதே வேரிலிருந்து வந்த 'வ்ரோதா' உக்ரேனியத்தில் அழகு.

எல்லாவற்றிலும் தொழிலாளி நினைவில் வைக்க வேண்டியது 'நெதேல்யா' என்ற சொல். ருஷ்யத்தில் அதற்கு வாரம் என்று பொருள். உக்ரேனியத்தில் 'நெதில்யா' என்றால் ஞாயிற்றுக்கிழமை. எது பழைய பொருள்? அந்தச் சொல்லைப் பிரித்தால் 'வேலை செய்யாத' நாள் என்று வரும். ஓய்வு நாள்தான் முதல் பொருள். உக்ரேனியம் அதைக் காப்பாற்றி வைத்தது. ருஷ்யத்தில் ஓய்வு நாளின் பெயர் வாரம் முழுவதற்கும் பரவியது. ஆனால் அந்தப் பெயரோடு ஓய்வு பரவவில்லை!

இல்லாத மொழி என்று சொன்னவர்கள்

இவ்வளவு விதியும் சொல்லும் இருந்தும் அதை மொழியே இல்லை என்று சொன்னவர்கள் யார்? மொழியியல் படித்தவர்கள் அல்ல, ஆட்சியில் இருந்தவர்கள்.

1863ல் ஜார் சர்க்காரின் உள்நாட்டு மந்திரி வலூயெவ் ஒரு சுற்றறிக்கை விட்டார். உக்ரேனியம் என்று தனி மொழி இருந்ததும் இல்லை, இருக்கவும் இல்லை, இருக்கவும் முடியாது என்பது அதன் சாரம். எழுத்தறிவு புகட்டும் புத்தகமும் மதப் புத்தகமும் அந்த மொழியில் அச்சாகக் கூடாது. கவிதையும் கதையும் அச்சானால் பொறுத்துக்கொள்வார்கள். அதாவது படித்தவன் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளலாம். உழவன் எழுத்துக் கற்கக் கூடாது! 1876ல் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் நகரிலிருந்து இன்னும் கடுமையான உத்தரவு போட்டான். வெளிநாட்டிலிருந்து உக்ரேனியப் புத்தகம் வருவது தடை. மேடையில் நாடகம் போடுவதும் தடை. 1897ம் ஆண்டுக் குடிக்கணக்கில் அந்த இல்லாத மொழியைப் பேசியவர்கள் சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர்!

மகாகவி தாரஸ் ஷெவ்சென்கோ 1814ல் பண்ணையடிமையாகப் பிறந்தார். 1838ல் விலை கொடுத்து அவரை மீட்டார்கள். மீட்க உதவியவர்களில் ருஷ்யக் கலைஞர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1840ல் அவருடைய 'கொப்ஸார்' கவிதை நூல் வெளிவந்தது. 1847ல் ஜார் அவரைச் சிப்பாயாக்கித் தொலைதூரக் கோட்டைக்கு அனுப்பினான். எழுதவும் ஓவியம் தீட்டவும் கூடாது என்று தன் கையாலேயே தடை எழுதினான். பத்து ஆண்டு அந்தத் தண்டனை நீடித்தது. ஜார் பயந்தது இலக்கணத்துக்கு அல்ல. பண்ணையடிமை தன் மொழியில் தன் அடிமைத்தனத்தைப் படித்துவிடுவான் என்பதற்கே பயந்தான்.

1914ல் லெனின் கட்டாய அரசாங்க மொழி தேவையா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். ருஷ்ய மொழி வளமான மொழி. எல்லோரும் அதைக் கற்க வாய்ப்பு வேண்டும். ஆனால் தடியால் அடித்து யாரையும் சொர்க்கத்துக்குக்கூட ஓட்டக் கூடாது என்பது அவருடைய வாதம். 1923 முதல் சோவியத் உக்ரேனில் பள்ளிகளும் அலுவலகங்களும் பத்திரிகைகளும் உக்ரேனிய மொழிக்கு மாறத் தொடங்கின. தொழிலாளியும் உழவனும் தாய்மொழியில் எழுத்துக் கற்றார்கள். இது புரட்சியின் பெருமைக்குரிய பணி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னால் நடந்ததை மறைப்பதால் தொழிலாளி வர்க்கத்துக்கு நன்மை இல்லை. 1932-33ல் உக்ரேனின் கிராமங்களில் லட்சக்கணக்கான மக்கள் பஞ்சத்தில் மடிந்த அதே நாட்களில் மொழிக் கொள்கையும் திரும்பியது. உக்ரேனிய எழுத்து முறையை ஒழுங்குபடுத்தும் பணிக்குத் தலைமை தாங்கிய பழைய போல்ஷ்விக் மிகோலா ஸ்க்ரிப்னிக், தேசியவாதி என்று குற்றஞ்சாட்டப்பட்டார். 1933 ஜூலையில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு எழுத்து முறை ருஷ்யத்துக்கு நெருக்கமாகத் திருத்தப்பட்டது. 'தங்கம்' என்பதில் வரும் ககர ஒலிக்கென்று உக்ரேனியத்தில் தனி எழுத்து ஒன்று இருந்தது; மேல் நுனி நிமிர்ந்த சிறு எழுத்து. அது நெடுங்கணக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 1990ல்தான் திரும்பி வந்தது. ஓர் எழுத்தைக் குற்றவாளியாக்கிய கொள்கை லெனின் சொன்ன கொள்கை அல்ல.

1989ல் உக்ரேனியம் அக்குடியரசின் ஆட்சிமொழியாயிற்று. 1991ல் நாடு சுதந்திரம் பெற்றது. 2019ல் அலுவலகம், பள்ளி, கடை எங்கும் உக்ரேனியத்தை வலியுறுத்தும் சட்டம் வந்தது. ருஷ்ய மொழி பேசும் உக்ரேன் குடிமக்கள் பலருக்கு அதனால் மனக்குறை உண்டாயிற்று. அந்தக் குறையை அந்நாட்டு மக்கள் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் 2021ல் ருஷ்யத் தலைவர் இரண்டும் ஒரே ஜனம் என்று கட்டுரை எழுதினார். 2022 பிப்ரவரியில் படை எல்லையைத் தாண்டியது. ருஷ்ய மொழி பேசுவோரைக் காக்க என்றார்கள். குண்டு விழுந்த ஹார்க்கிவிலும் மரியூப்பொலிலும் பெரும்பாலான வீடுகளில் பேசியது ருஷ்ய மொழி. குண்டுக்கு இலக்கணம் தெரியாது.

கற்போருக்குச் சில வார்த்தைகள்

முதலில் ஒரு மொழியை உறுதியாகப் பிடியுங்கள். ஒன்று காலூன்றும் முன்பு மற்றதைத் தொட்டால் இரண்டும் கலந்து எதுவும் நிற்காது. எந்த மொழி முதலில் என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. தோல்ஸ்தோயையும் கார்க்கியையும் மூலத்தில் படிக்க ருஷ்யன். ஷெவ்சென்கோவைப் படிக்கவும் உக்ரேனில் வாழவும் உக்ரேனியன்.

இரண்டாவது மொழிக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். ஒத்த சொல்லுக்கு ஒரு பத்தி. விதிப்படி மாறும் சொல்லுக்கு ஒரு பத்தி. 'நோச்', 'நிச்' போன்றவை அதில் வரும். ஏமாற்றும் சொல்லுக்கு மூன்றாவது பத்தி. மூன்றாவது பத்தியைத்தான் அடிக்கடி புரட்ட வேண்டும். எழுத்தைக் கண்ணால் மட்டும் கற்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். ககரமா ஹகரமா, ஒகரமா அகரமா என்பது வாயில்தான் நிற்கும்.

உக்ரேனில் இரு மொழியும் கலந்த பேச்சு ஒன்று உண்டு. அதை 'ஸூர்ஜிக்' என்பார்கள். கோதுமையும் வேறு தானியமும் கலந்த மாவுக்கு அந்தப் பெயர். படித்தவர்கள் அதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். நீங்கள் சுளிக்காதீர்கள். கிராமத்திலிருந்து சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வந்த உழவன், மேஸ்திரியின் மொழியைத் தன் மொழியோடு பிசைந்து உண்டாக்கிய பேச்சு அது. கற்பவர் அப்படிப் பேசக் கற்க வேண்டியதில்லை. பேசுகிறவரை இகழவும் வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. உக்ரேனியரிடம் அவர் மொழி ருஷ்யத்தின் கொச்சை என்று சொல்லாதீர்கள். அது வலூயெவின் பேச்சு. ருஷ்யனைக் கற்பதே குற்றம் என்று சொல்பவர் பேச்சையும் ஏற்காதீர்கள். ஜார் பேசினான் என்பதற்காக ருஷ்ய மொழி ஜாரின் சொத்தாகிவிடாது. ஷெவ்சென்கோவை அடிமைத்தளையிலிருந்து மீட்டவர்களில் பலர் பேசியதும் அதே மொழிதான்.

உடன்பிறந்தவர்கள் ஒரே முகஜாடையில் இருப்பார்கள். அதற்காக ஒருவர் பெயரை அழித்து மற்றவர் பெயரில் ரேஷன் கார்டு கொடுக்க முடியுமா? ஷெப்பெத்தோவ்கா என்று படித்த நாம் இனி ஷெப்பெத்திவ்கா என்றும் சொல்லக் கற்போம். ஒரே ஊரை இரு பெயரிலும் சொல்லத் தெரிந்தவனே அந்த ஊரை அறிந்தவன்.